தழைக்கு ஒரு முழம் தள்ளி

செருப்பு வார் தளர்ந்தால் அன்றைக்கே தைத்துவிடுவது என் வழக்கம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து செருப்புத் தைப்பவர் என் நடையைக் கேட்டே எந்தக் காலில் தையல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அறுந்த வாரோடு இரண்டு நாள் நடந்தது என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அது 1976 டிசம்பரில்.

போதகர் ஐயா அவர்களே, போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னை நிறுத்திப் பேசினீர்கள். ஜஸ்டஸ் சார் இறந்து பத்து வருஷம் ஆகப்போகிறது, நினைவு மலர் போடுகிறோம், கடைசியாக அவரோடு இருந்தவர் நீங்கள்தான், இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது. நீங்கள் சங்கரன்கோவிலுக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. எனவே உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று எடுத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன். மலரில் போடலாமா வேண்டாமா என்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் பூகோள ஆசிரியன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரபுதாஸ் சார் ஒரு வருஷத்துக்குப் பேசுகிற பேச்சை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம் என்று பள்ளிக்கூடத்தில் கேலி உண்டு. அது மிகையில்லை. எனக்குப் பேச்சு வராது என்பதல்ல. பேசி முடித்தபின் வருகிற அமைதியைவிடப் பேசாமல் இருக்கும்போது இருக்கிற அமைதி நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

என் வாடகை வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். காலையில் ஓடத் தொடங்கினால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நிற்கும். சுவரில் சாய்ந்து படித்தால் புத்தகத்தில் எழுத்து நடுங்கும். பழகிவிடும் என்றார்கள். பழகியவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் வீட்டுக்குள்ளும் கத்தித்தான் பேசுவார்கள்.

ஆகையால் சனிக்கிழமைகளில் முதல் பஸ் பிடித்து மேற்கே போவேன். முக்கால் மணி நேரத்தில் மலையடிவாரம். எலுமிச்சைத் தோட்டங்களைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஏறினால் ஊறல்மேடு. மரமில்லாத புல்வெளி. இங்கே ஊரில் கரிசல் மண் கைநுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மாதத்திலும் அங்கே தரை கசிந்துகொண்டிருக்கும். சித்திரையில் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். ஐப்பசி மழைக்குப் பிறகு அப்படியில்லை. காலை வைத்தால் தரை மெத்தைபோல அமுங்கும். நான்கு எட்டு தள்ளி நிற்கிற புல்லும் கூடவே அசையும். பார்வைக்கு எல்லாம் ஒரே பச்சை. சில இடங்களில் அந்தப் பச்சைக்கு அடியில் பாறை இருக்கிறது. சில இடங்களில் இரண்டு ஆள் ஆழத்துக்குச் சேறும் தண்ணீரும். புல், பால்மேல் ஆடை மாதிரி மிதக்கும். மாடு மேய்ப்பவர்கள் அந்த இடங்களைக் கசம் என்பார்கள். புல்வெளி முழுவதற்கும் உளை என்று பெயர்.

உளையைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஒரு தட்டைப் பாறை. தெளிவான நாளில் அதில் உட்கார்ந்து பார்த்தால் கிழக்கே ஊர்க் கோபுரம் ஊசி நுனியாகத் தெரியும். சத்தம் ஏறி வராது. தறி இல்லை, பஸ் ஹாரன் இல்லை, பள்ளிக்கூட மணி இல்லை. ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை அங்கே இருப்பேன். புத்தகம் கொண்டுபோவேன். பல நாள் பிரிக்காமலே திரும்பியிருக்கிறேன். ஐந்து வருஷம் இப்படிப் போனது. என் வாழ்க்கையில் நான் யாரிடமும் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த ஆறு மணி நேரம் ஒன்றுதான். யாரிடம் கேட்டேன் என்பது எனக்கே தெரியாது.

உளையைத் தாண்டும் முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் மருதப்பன். மலைமாடு மேய்ப்பவர். மழை நின்றதும் அவர் நீளக் கம்பால் தரையைக் குத்திப் பார்ப்பார். கெட்டியான இடமாகப் பார்த்து, ஓர் எட்டு வைக்கும் தூரத்துக்கு ஒரு கொத்து வீதம் தழை போட்டுக்கொண்டே அக்கரைக்குப் போவார். அதன்பிறகு தாண்டுகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கை தழை ஒடித்து, காய்ந்த தழைமேல் புதிதாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். தழை பச்சையாக இருந்தால், நேற்றோ முந்தாநாளோ ஒரு ஆள் அந்த இடத்தில் கால் வைத்து உயிரோடு கரையேறியிருக்கிறான் என்று அர்த்தம். ஆனால் அவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அது உளையில் இருக்கிற அம்மாளுக்குப் போடுகிற தழை என்பார்கள். ஆகையால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் அதை மிதிக்க வேண்டும். வெறுங்காலுக்குத் தரை தெரியும் என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

"நீங்க வேதக்காரரு. எங்க சாமியக் கும்பிட வேண்டாம்," என்றார் மருதப்பன் முதல் நாளே. "ஆனா தழைமேலயே வாங்க சார். அம்மா தாங்கிக்கிடுவா. தழைய விட்டு விலகுன கிடேரி ஒண்ணு போன வருசம் உள்ள போச்சு. கொம்புகூடக் கிடைக்கல."

நம் சபையில், சிலைக்குப் படைத்த எதையும் தொடக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். வழிக்குத்தான் போடுகிறேன், அம்மாளுக்கு அல்ல என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தழை போட்டேன். மருதப்பன் எனக்கு ஒன்பது அடி மூங்கில் கம்பு ஒன்றும் வெட்டிக் கொடுத்தார். ஏறுகிற வழியில் ஒரு புதருக்குள் அதை வைத்திருப்பேன்.

ஜஸ்டஸ் சார் 1976 ஜனவரியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு டிரில் மாஸ்டராக வந்தார். நல்ல மனிதர். இதை மலருக்காகச் சொல்லவில்லை. பிள்ளைகளை அடிக்கமாட்டார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். மனைவி தங்கபாய்க்குத் தண்ணீர் சுமந்து கொடுப்பார், அதைத் தெருவில் நான்கு பேர் சிரித்தால் தானும் சேர்ந்து சிரிப்பார். அவரிடம் ஒரே ஒரு விஷயம்தான். பேசுவார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னவே, சனிக்கிழமையானாப் பையத் தூக்கிட்டு எங்கன போறீரு? ரெண்டாந்தாரம் ஏதும் வச்சிருக்கீரோன்னு பாத்தா, உமக்கு ஒண்ணாந்தாரமே இல்லையே வே!"

மலைக்கு என்றேன். அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமை விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தங்கபாய் கட்டிக் கொடுத்த இட்லிப் பொட்டலத்தோடு எனக்கு முன்னால் வந்து நின்றார். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். அப்போது உளை இறுகியிருந்தது, தழையில்லாமலே தாண்டலாம்.

ஏறும்போது பேசினார். உட்கார்ந்து பேசினார். மாமனார் வீட்டு எருமை, மண்டலக் கபடிப் போட்டியில் நடுவர் செய்த அநியாயம், முட்டிவலிக்கு எந்த எண்ணெய் நல்லது. பாறைமேல் நின்று விசில் ஊதி, எதிரொலி எத்தனை முறை வருகிறது என்று பார்ப்பார். மூன்று முறை வரும். ஒவ்வொரு வாரமும் மூன்று முறைதான் வந்தது. ஒவ்வொரு வாரமும் ஊதினார்.

"ஊமையக் கூட்டிட்டு வந்தாக்கூடக் கையக் கால ஆட்டுவான் வே. நீரு அதுவும் மாட்டேங்கீரே," என்பார். அதில் வருத்தம் எதுவும் இருக்காது. எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்ல நான் ஒரு வாக்கியம் பேச வேண்டும். ஏன் என்று அவர் கேட்பார். அதற்கு இன்னொன்று. பிறகு அவர் வருத்தப்படுவார், தங்கபாய் வந்து கேட்பாள், ஆசிரியர் அறையில் பேச்சாகும். ஒரு அமைதிக்காக அவ்வளவு சத்தத்தைக் கடந்துபோக எனக்குத் தெம்பில்லை.

மழை மாதங்களில் நாங்கள் மலைக்குப் போகவில்லை. நவம்பர் கடைசியில் ஆசிரியர் அறையில் என் மேஜைக்கு வந்தார்.

"வே, ஒரு நல்ல சேதி. போதகரையாட்டப் பேசியாச்சு. ஜனவரி ஒண்ணாந்தேதி நம்ம சபையே ஊறல்மேட்டுக்கு ஏறுதோம். புது வருச ஆராதனை அங்கனதான். மைக்செட்டு, பேட்டரியில ஓடுமாம், கேட்டுட்டேன். நாப்பது ஆளு பேரு குடுத்துட்டாக. பொறவு மாசம் ஒருக்க. அந்தப் பாறையில சிமெண்டுல ஒரு சிலுவை வச்சிருவோம். எல்லாம் உம்மாலதான் வே. நீரு காட்டாட்டா அப்படி ஒரு எடம் இருக்கது யாருக்குத் தெரியும்?"

என் தோளில் தட்டினார். நான் தலையை அசைத்தேன்.

அன்று முதல் நான் ஒரு விஷயத்தை நிதானமாக யோசித்தேன். நாற்பது பேர், அதில் குழந்தைகளும் இருப்பார்கள், மழைக்குப் பிந்தைய உளையைத் தாண்டப் போகிறார்கள். ஒருவராவது கால் தவறிக் கசத்தில் விழுவார். அதற்கு முன்பே ஒருவர் விழுந்துவிட்டால் மற்றவர்கள் வரமாட்டார்கள். முப்பத்தொன்பது பேருக்கு ஆபத்தில்லை. இப்படி யோசித்தபோது என் மனம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவை நான் இப்போதும் நம்புகிறேன். உளையைப் பற்றி அப்போதைய போதகரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாற்பது பேருக்குமே ஆபத்து இல்லாமல் போயிருக்குமே என்றால், அதுவும் சரிதான்.

டிசம்பர் நான்காம் தேதி சனிக்கிழமை. ஜஸ்டஸ் சார் பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்குப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தார். நான் தனியாக ஏறினேன். மருதப்பன் தழை போட்டிருந்தார். தழைமேல் நடந்து, ஏழாவது தழையில் நின்று, வலது பக்கம் ஒரு முழம் தள்ளிக் கம்பை இறக்கினேன். கைப்பிடி வரை போயிற்று. வெளியே இழுத்துப் புல்லில் துடைத்தேன். பிறகு பாறைக்குப் போய் மூன்று மணி வரை படித்தேன். அன்று எண்பது பக்கத்துக்குமேல் போனது. அவ்வளவு நல்ல வாசிப்பு எனக்கு அதற்குமுன் அமைந்ததில்லை.

அடுத்த வியாழக்கிழமை செருப்பு வார் அறுந்தது. நான் தைக்கவில்லை. ஒரு ஊக்கு குத்திக்கொண்டேன்.

பதினோராம் தேதி இருவரும் போனோம். எப்போதும் நான்தான் முன்னால் நடப்பேன். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதால். அன்று உளையின் ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

"என்னவே உக்காந்துட்டீரு?"

"வார் அந்துட்டு. நீங்க போங்க சார்வாள். கட்டிட்டு வாரேன்."

அவர் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். "இது என்னவே, வழிநெடுகத் தழை?"

"அம்மாளுக்குப் போடுதது. செருப்பக் கழட்டிட்டுத்தான் அதுமேல நடப்பாக."

போதகர் ஐயா, நான் செய்தது இதுதான். இந்த வாக்கியத்தில் பொய் கிடையாது. மாடு மேய்ப்பவர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

ஜஸ்டஸ் சார் இடுப்பில் கைவைத்துத் தழையைப் பார்த்தார். "அப்பம் நமக்கு ஆகாது," என்று சிரித்தார். "நல்ல வேளை சொன்னீரு. ஜனவரியில நம்ம ஆளுகட்டயும் சொல்லிரணும், தெரியாத்தனமா அதுல காலக் கீல வச்சிரப்படாதுன்னு."

செருப்பைக் கழற்றவில்லை. தழை வரிசைக்கு வலப்பக்கமாக, ஒரு முழம் தள்ளி, தன் நிழல்கூட அதன்மேல் விழாதபடி ஒதுங்கி நடந்தார். நடந்துகொண்டே ஏதோ பேசினார். பள்ளிக்கூடத்துக்கு வாலிபால் வலை வாங்குவதைப் பற்றி என்று நினைக்கிறேன். ஏழாவது தழைக்கு நேராகப் புல் கிழிந்தது.

முதலில் இடுப்பு வரைதான். "ஏலேய், குளிச்சாச்சு வே!" என்று சிரித்தார். திரும்ப முயன்றார், முடியவில்லை. அசைய அசைய நெஞ்சுவரை இறங்கியது. அவர் முகம் பாறைப் பக்கம் இருந்தது. என்னை அவரால் பார்க்க முடியவில்லை.

"கம்ப நீட்டும் வே."

நான் தழை வழியாகப் போய் ஐந்தாவது தழையில் நின்றுகொண்டிருந்தேன். வெறுங்காலோடு, எனவே சத்தம் கேட்டிருக்காது. எனக்கும் அவருக்கும் ஆறு அடி. கையிலிருந்த கம்பு ஒன்பது அடி.

விசிலை எடுத்து ஊதினார். டிரில் மாஸ்டர் அல்லவா, மூச்சு நன்றாக இருந்தது. மூன்று முறை எதிரொலி வந்தது. பத்துப் பன்னிரண்டு தடவை ஊதினார். மேயப் போன மாடுகள் வெகு தூரத்தில் இருந்தன.

"பிரபுதாஸ், இருக்கீரா வே?"

நான் இருந்தேன்.

"ஒரு வார்த்தை பேசும் வே. இருக்கீரான்னு தெரிஞ்சாப் போதும்."

அதற்குள் தாடைக்குக் கீழே தண்ணீர் வந்திருந்தது. "ஆள் கூப்பிட ஓடிட்டீரோ? நல்லது வே. நல்லது," என்றார். என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கைக்கடிகாரத்தில் பார்த்தேன். எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து நிமிஷம். அதற்குப் பிறகு வந்த அமைதி நான் எதிர்பார்த்த மாதிரியே இருந்தது. திரும்பிப் போய்த் தழை ஒடித்து வந்தேன். ஒவ்வொரு கொத்தின் மேலும் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டே தாண்டினேன். ஏழாவதிலும் போட்டேன். பாறையில் பன்னிரண்டு மணி வரை இருந்தேன். பிறகு மருதப்பனைத் தேடிப் போனேன்.

மருதப்பனும் இன்னும் மூன்று பேரும் கயிறு போட்டு எடுத்தார்கள். கழுத்தில் விசில் இருந்தது. மருதப்பன் புல்லில் பதிந்திருந்த செருப்புத் தடத்தைத் தொடக்கத்திலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். எங்கே நிற்பார் என்று கவனித்தபடி அவர் பின்னால் போனேன்.

"தழைய ஒதுங்கியே போயிருக்காரு, பாருங்க சார்," என்றார். "யாரோ அம்மாளுக்குள்ளதுன்னு சொல்லியிருக்காக. வேதக்காரரு, அதான் மிதிக்கல. நாங்கதான எல்லார்ட்டயும் அப்படிச் சொல்லித் திரியுதோம். எங்க வாய்தான் சார் கொன்னுட்டு." தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் தோளைத் தொட்டேன் என்று நினைக்கிறேன்.

போலீசார் என்னிடம் கேட்டது மூன்று கேள்விகள். வார் அறுந்து பின்தங்கினேன் என்றேன். அறுந்த செருப்பை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் ஒன்றுதான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தங்கபாய் கேட்டாள். "அண்ணாச்சி, அவுக கடைசியா என்ன சொன்னாக?" நான் தூரத்தில் இருந்தேன், ஆனால் ஜெபம் பண்ணுவது கேட்டது என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பொய்தான் பத்து வருஷமாக என்னை உறுத்துகிறது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். அவர் ஜெபம் பண்ணவில்லை. என்னை ஒரு வார்த்தை பேசச் சொன்னார். தங்கபாயிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததே. அந்த ஜனவரியில் யாரும் மலைக்குப் போகவில்லை. ஒரு வருஷம் அமைதியாக இருந்தது. அடுத்த டிசம்பரில் ஜஸ்டஸ் சார் நினைவாக ஊறல்மேட்டில் ஜெபக் கூட்டம் என்று அறிவித்தார்கள். முதல் வருஷம் முப்பது பேர். போன வருஷம் நூற்றிருபது பேர், இரண்டு குழாய் ஒலிபெருக்கி. பாறைமேல் சிமெண்ட் சிலுவை இருக்கிறது. மருதப்பன் முன்கூட்டியே தழை போட்டு வைக்கிறார், வழிக்கு என்று சொல்லித்தான் போடுகிறார். எல்லோரும் அதன்மேல் பத்திரமாக நடக்கிறார்கள். தங்கபாய் அந்த விசிலை என்னிடம் கொடுத்திருக்கிறாள். வழி தெரிந்தவன் என்பதால் நான்தான் முன்னால் நடந்து, ஆட்கள் பிரியாமலிருக்க அதை ஊதுகிறேன். மூன்று முறை எதிரொலி வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மலரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னீர்கள். பத்தாம் வருஷத்திலிருந்து இதை மாதக் கூட்டமாக்கப் போகிறோம் என்று. அன்று மதியமே எழுத உட்கார்ந்தேன்.

இதை நீங்கள் போலீசில் கொடுக்க வேண்டும். மறுக்கமாட்டேன். பாளையங்கோட்டை ஜெயிலில் வாசிக்கப் புத்தகம் தருவார்களாம், ஒற்றை அறைகளும் உண்டாம்; விசாரித்துவிட்டேன். ஆனால் கைதிகளுக்குத் தறி வேலை கொடுப்பதுண்டு என்றும் சொன்னார்கள். என் அறை அந்தப் பக்கம் இல்லாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் போதும்.